வாட்டி, சலித்து, தூற்றி: ஒரு குப்பை முற்றத்தின் அனுபவம்

தேயிலை பெக்டரியில் விண்ணோவர் என்று ஒரு மெஷின் உண்டு. நீளமான பெட்டி, அதன் ஒரு முனையில் காற்றாடி. சலித்த தூள் மேலேயிருந்து மெல்லிய திரைபோல விழும்போது காற்று அதைக் குறுக்கே இழுக்கும். கனமான தூள் முதல் அறையிலேயே விழுந்துவிடும். அதைவிட லேசானது அடுத்த அறைக்குப் போகும், நாரும் பஞ்சும் கடைசி அறையில் சேரும். பத்தொன்பது வருடம் அந்த மெஷினுக்கு எண்ணெய் விட்டு, பெல்ட் மாற்றி, காற்றுக் கதவைத் திறந்து மூடி வேலை பார்த்தவன் நான். டீமேக்கர் ஐயா ஒரு பிடி தூளை வெள்ளைத் தாளில் பரப்பிப் பார்ப்பார். "காத்து கூடிப்போச்சுப்பா" என்பார். ஒரு விரல்கடை அளவு கதவை மூடுவேன். அடுத்த பிடி சரியாக இருக்கும்.

எங்கள் பெக்டரியை மூடி, கொழுந்தை வேறு தோட்டத்துக்கு அனுப்பத் தொடங்கிய பிறகு, டவுன் குப்பையைக் கொண்டுவந்து பிரிக்கும் முற்றத்தில் எனக்கு மெஷின் பார்க்கும் பிட்டர் வேலை கிடைத்தது. நுவரெலியா மாவட்டத்தில் பல இடங்களில் இருப்பதைப் போல, அதுவும் ஒரு சரிவின் ஓரத்தில் இருந்த முற்றம்தான். கீழே பள்ளத்தில் ஓடை. அந்த ஓடைத் தண்ணீர்தான் இரண்டு லயங்களின் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளின்) பீலிக்கு, அதாவது தண்ணீர் பிடிக்கும் குழாய்க்கு, போகிறது. அதில் ஒரு லயத்தில் என் அக்கா குடும்பம் இருக்கிறது. மழைக்காலத்தில் ஷொப்பிங் பேக்குகள் ஓடையோடு இறங்கி, கரையில் நிற்கும் கொய்யா மரத்தில் துணி காயப்போட்டதுபோலத் தொங்கும். 2017 சித்திரைப் புத்தாண்டு தினத்தில் கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து 30 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அந்தச் செய்தியைக் கேட்டதிலிருந்து அக்கா எங்கள் சரிவையும் அண்ணாந்து பார்க்கத் தொடங்கினாள். நான் இந்த வேலைக்கு மனதார வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

முற்றத்துக்கு வருவதில் பாதிக்கு மேல் ஈரக் கழிவு: மரக்கறித் தோல், சோறு, வாழையிலை. அது கொம்போஸ்டுக்கு, அதாவது மக்கவைத்து உரமாக்க, போகும். போத்தல், இரும்பு, காட்போட் எல்லாம் பழைய சாமான் வாங்குபவர்கள் எடுத்துப் போவார்கள். எடுக்க ஆளில்லாமல் மிஞ்சுவது மெல்லிய பொலித்தீன், பிஸ்கட் கவர், நூடில்ஸ் கவர், யோகட் கோப்பை, துணித்துண்டு, அழுக்குத் தாள். திறந்தவெளியில் குப்பை எரிப்பது 2017-ல் தடையான பிறகு இவற்றை எரிக்கவும் முடியாது. எரிக்கவும் கூடாது. அந்தப் புகையைச் சுவாசித்து வளர்ந்தவர்கள் நாங்கள், அதற்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. ஆனால் இதே மிச்சம் காய்ந்து, மண் நீங்கி இருந்தால் நல்ல எரிபொருள். காய்ந்த விறகு ஒரு கிலோவில் ஏறக்குறைய 18 மெகாஜூல் வெப்பம் இருக்கிறது, நல்ல நிலக்கரியில் 25 அளவில். பொலித்தீனில் 40-க்கும் மேல். சீமெந்துச் சூளைக்காரர்கள் இதை நிலக்கரிக்குப் பதிலாக எடுக்கிறார்கள். புத்தளத்துச் சூளையில் கழிவை எரிபொருளாகப் பயன்படுத்துவது பல வருடமாக நடக்கிறது.

அதற்குத்தான் எங்களுக்குக் காற்றில் பிரிக்கும் மெஷின் வந்தது. கீழ்நாட்டில் ஒரு பட்டறையில் செய்து, லொறியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். நிமிர்ந்து நிற்கும் தகரக் குழல், நேராக இல்லாமல் மடித்து மடித்துக் கொடிப்பாதைபோல ஏறும். கீழேயிருந்து காற்று மேலே போகும், நடுவில் ஒரு வாயில் குப்பையைக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு மடிப்பிலும் பொருள் சுவரில் மோதிப் புரண்டு, மறுபடி காற்றின் குறுக்கே விழும். லேசானது மேலே ஏறி சைக்ளோன் என்ற கூம்புக்குள் போய்த் தேங்கும், கல்லும் கண்ணாடியும் ஈரச் சோறும் கீழே விழும். பார்த்ததுமே எனக்குப் புரிந்தது: விண்ணோவரைத் தூக்கி நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள்.

புரிந்தது என்று நினைத்ததுதான் பிரச்சினை. ஆடி மாத மழையில் முதல் நாள் ஓட்டினோம். கனமான பக்கத்தில் கல்லோடு சேர்ந்து பொலித்தீன் முழுவதும் கிடந்தது. லேசான பக்கத்தில் வெறும் தூசு. காற்றைக் கூட்டினேன். பொலித்தீன் கொஞ்சம் ஏறியது, கூடவே முட்டை ஓடு, மணல், கோழி இறகு, செருப்புத் துண்டு எல்லாம் ஏறின. குறைத்தால் மறுபடி பழைய கதை. மூன்று நாள் கதவைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றேன். விண்ணோவரில் ஒரு விரல்கடையில் சரியாகும் விஷயம், இங்கே எந்த இடத்திலும் சரியாகவில்லை. அப்படியும் இரண்டு மூட்டை சேர்த்து சூளைக்காரர்களுக்கு மாதிரியாக அனுப்பினோம். ஈரம் அதிகம், மண் அதிகம் என்று பதில் வந்தது.

நான்காம் நாள், முன்பு கொழுந்து பறித்துக்கொண்டிருந்து இப்போது எங்களோடு பிரிக்கும் வேலை செய்யும் ஒரு பெரியம்மா சுளகோடு வந்தார். "தம்பி, நனைஞ்ச நெல்ல யாராச்சும் தூத்துவாங்களா?" என்று கேட்டுவிட்டு, கீழே கிடந்ததில் ஒரு கை அள்ளிச் சாக்கில் பரப்பினார். மத்தியானத் தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை அது கூரைத் தகரத்துக்குக் கீழே காய்ந்தது. பிறகு சுளகில் போட்டு முதலில் கொழித்தார். சுளகை இடமும் வலமும் மெதுவாக ஆட்டியபோது மண்ணும் மணலும் ஒரு ஓரத்துக்கு ஒதுங்கின, அதை வழித்துக் கொட்டினார். அதற்குப் பிறகுதான் புடைத்தார். நாலு தட்டு. பொலித்தீன் துண்டுகள் சுளகின் விளிம்பைத் தாண்டிப் பறந்து விழுந்தன. சுளகில் மிஞ்சியது இரண்டு கல், ஒரு கண்ணாடிச் சில்லு, நூடில்ஸ் கவருக்குள் ஒட்டிக்கிடந்த சோற்றுக் கட்டி.

காயவைப்பது, கொழிப்பது, புடைப்பது. பெக்டரியிலும் அதே ஒழுங்குதான்: கொழுந்தை வாட்டி (காற்றூதி ஈரத்தைக் குறைத்து), உருட்டி, காயவைத்து, சலித்து, கடைசியாகத்தான் விண்ணோவருக்கு விடுவோம். என் கைக்கு வரும்போது தேயிலையில் 3 சதவீதம் அளவில்தான் ஈரம் இருக்கும், எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவுத் துண்டுகளாகவும் இருக்கும். பத்தொன்பது வருடம் நான் பார்த்தது வேலையின் கடைசிப் பத்து நிமிடத்தை. அதற்கு முன்னால் ஒரு பெக்டரியே உழைத்திருக்கிறது. இந்த முற்றத்தில் எங்களிடம் கடைசி மெஷின் மட்டும் வந்திருந்தது. இதே வேலையில் இறங்கும் வேறு ஊர்க்காரர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: காற்று மெஷினுக்கு இருக்கும் காசில் பாதியை அதற்கு முன்னால் வரும் வேலைகளுக்கு ஒதுக்குங்கள்.

ஈரம் ஏன் இவ்வளவு கெடுக்கிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 20 மைக்ரோன், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு, தடிப்புள்ள பொலித்தீன் ஒரு சதுர மீட்டர் எடுத்தால் 20 கிராம்கூட வராது. நாம் எழுதும் தாள் 80 கிராம். அந்தப் பொலித்தீனின் இரண்டு பக்கமும் மயிரிழைத் தடிப்பில், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு, தண்ணீர் ஒட்டினால் போதும். சதுர மீட்டருக்கு 100 கிராம் கூடிவிடும். ஆறு மடங்கு கனம். தூக்குவதற்கு இரண்டரை மடங்கு காற்று வேகம் வேண்டும். அந்த வேகத்தில் காய்ந்த தாள், பொடி மணல் எல்லாம் சேர்ந்து பறக்கும். இரண்டு நனைந்த பை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் கதை அதோடு முடிந்தது.

சலிக்காமல் விட்டால் வரும் கெடுதியும் இதே மாதிரிதான். காற்றுக்கு எது கல், எது காகிதம் என்று தெரியாது. ஒரு பொருளின் கனத்தையும், அது காற்றுக்குக் காட்டும் அகலத்தையும் மட்டும்தான் பார்க்கும். பெருவிரல் அளவுக் கல்லைத் தூக்கப் புயல் வேண்டும். ஆனால் அரை மில்லிமீட்டர் மணல் காட்போட் பறக்கும் காற்றில் தானும் பறந்துவிடும். அந்த மணல் எரிபொருளோடு போனால் சாம்பலைக் கூட்டும், வெப்பத்தைக் குறைக்கும். அதனால் மண்ணைக் காற்றால் பிரிக்க நினைக்கவே கூடாது, சல்லடையால்தான் பிரிக்க வேண்டும்.

சல்லடை செய்வது சுலபமாக முடிந்தது. பீப்பாய் வளையங்களை வரிசையாக நிறுத்தி, சுற்றிலும் 20 மி.மீ. கண்ணுள்ள வலையை வெல்ட் பண்ணி, சாய்வாகச் சுழலும் உருளை ஆக்கினோம். மண்ணும் மக்கிய துண்டும் கீழே விழுந்து கொம்போஸ்டுக்குத் திரும்பும். இரண்டு சாணுக்கு மேல் நீளமான எதையும் உருளைக்கு முன்னாலேயே கையால் எடுத்துவிட வேண்டும். சேலைத் துண்டு, கயிறு, உரப்பை இவை மூன்றும் எந்தச் சுழலும் தண்டைக் கண்டாலும் சுற்றிக்கொள்ளும். மலையகத்தில் உரப்பைக்குப் பஞ்சமா? நல்ல எரிபொருள்தான், ஆனால் வெட்டிச் சின்னதாக்கித்தான் விட வேண்டும்.

வாட்டும் வேலைதான் ஒரு வருடத்தை விழுங்கியது. மூடிய பெக்டரியில் கொழுந்து வாட்டும் தொட்டியின் ஃபேன் ஒன்று பழைய இரும்பு விலைக்குக் கிடைத்தது. அதை வைத்து, கம்பிவலைக்குக் கீழேயிருந்து காற்று வரும்படி தொட்டி கட்டினோம், மேலே வெளிச்சம் புகும் தகடு. ஒரு சாண் உயரத்துக்குக் குப்பையைப் பரப்பி, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை முள்வாரியால் புரட்டினோம். மாசி, பங்குனியில் ஒரே இரவில் சலசலவென்று காய்ந்தது. வைகாசி பிறந்து தென்மேற்கு மழை தொடங்கியதும் இரண்டு நாள் ஃபேன் ஓடியும் அப்படியே கிடந்தது. கரண்ட் பில் மட்டும் ஏறியது.

இதையும் பெக்டரியில் தெரிந்துதான் வைத்திருந்தோம். வாட்டும் மாடியில் இரட்டை வெப்பமானி தொங்கும். ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும், மற்றது சும்மா இருக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் நன்றாக இருந்தால் காற்றுக்குத் தண்ணீர் குடிக்க இடம் இருக்கிறது என்று அர்த்தம். மூடுபனி இறங்கினால் இரண்டும் ஒரே எண்ணைக் காட்டும். அப்போது எவ்வளவு காற்று ஊதினாலும் கொழுந்து வாடாது, சூடாக்கின காற்று வேண்டும். நான் முற்றத்திலும் ஒரு இரட்டை வெப்பமானி மாட்டினேன். வித்தியாசம் 2 பாகைக்குக் கீழே போனால் தொட்டி ஃபேனைப் போடுவதில்லை என்று முடிவு செய்தோம். மலையில் இந்த வேலையைச் செய்கிற எவருக்கும் வேறு எந்தக் கருவியையும்விட முதலில் இதை வாங்கச் சொல்வேன்.

ஆனால் மழைக்காலத்தில் குப்பை நிற்காதே. வழி கொம்போஸ்டிலிருந்து வந்தது. ஒரு காலை கலப்புக் குப்பைக் குவியலைக் கிளறியபோது ஆவி பறந்தது. கையை நீட்ட முடியாத சூடு. சோறும் மரக்கறியும் மக்கும்போது நுண்ணுயிர்கள் கிளப்பும் சூடு அது, 50, 60 பாகை வரை போகும். வெளியே 14 பாகை குளிரில் நாங்கள் விறகு தேடிக்கொண்டிருக்க, அடுப்பு குப்பைக்குள்ளேயே எரிந்துகொண்டிருந்திருக்கிறது. அதற்குப் பிறகு மழைக்காலத்தில் ஈரக் கழிவை முழுவதும் பிரிக்காமல் கொஞ்சம் கலந்தே விட்டோம். நெஞ்சளவு உயரத்துக்குக் குவித்து, கீழே துளையிட்ட பைப் வைத்து, ஃபேனை விட்டுவிட்டு ஓடவிட்டோம். உள்ளே இருக்கும் சூடு தண்ணீரை ஆவியாக்கும், காற்று அதை வெளியே கொண்டுபோகும். ஏழு முதல் பத்து நாளில் குவியல் பாதியாகத் தாழும், கையில் எடுத்தால் பிசுபிசுப்பு இருக்காது. இப்படி உலர்த்தும் முறை வெளிநாடுகளில் பெரிய ஆலைகளில் நடப்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். காற்றை அளவுக்கு மீறி விட்டால் குவியல் குளிர்ந்து எல்லாம் நின்றுவிடும். விடாமலே இருந்தால் நாற்றமும் கரும் சாறும் கிளம்பும். ஒரு இரும்புக் கம்பியைக் குவியலுக்குள் சொருகி வைத்திருப்போம். உருவித் தொட்டால் சுட வேண்டும், ஆனால் பிடிக்க முடியாத அளவுக்குப் போகக் கூடாது.

2022-ல் 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய நாட்களில் இந்தக் குவியல்கள்தான் எங்களை மிகவும் வருத்தின. காற்று நின்றதும் இரண்டாம் நாளே நாற்றம் டவுன்வரை போனது. அப்போது கையால் புரட்டிய பெண்களின் உழைப்புக்கு ஈடாக எதையும் சொல்ல முடியாது.

இனி மெஷின். வாட்டி, சலித்து வந்த குப்பையை அதில் விட்ட முதல் நாள் இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. குழலின் ஒரு பக்கத் தகரத்தை வெட்டி, கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தகடு பொருத்தியிருந்தேன், உள்ளே நடப்பது தெரியட்டும் என்று. பொலித்தீன் துண்டுகள் குருவிக் கூட்டம் கிளம்பியதுபோல மேலே போயின. யோகட் கோப்பை ஒன்று மூன்றாவது மடிப்பில் நடுங்கிக்கொண்டு அந்தரத்தில் நின்றது. வாய் கீழ்நோக்கியிருந்தபோது காற்றைப் பிடித்து மெல்ல ஏறியது, சுவரில் மோதித் திரும்பியதும் விழுந்தது, மறுபடி ஏறியது. கல் எதையும் பார்க்காமல் நேராகக் கீழே போனது. பெரியம்மா பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "இப்ப சரி" என்றார்.

அதற்குப் பிறகு கற்றதெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள், ஆனால் ஒவ்வொன்றும் ஒரு நாள் வேலையைக் காப்பாற்றும். குப்பையை இரண்டு கையாலும் மொத்தமாக அள்ளிப் போட்டால் அது ஒரு மூட்டையாகவே விழுந்துவிடும், காற்று நடுவில் நுழையாது. ஆட்டும் தட்டு வைத்து மெல்லிய திரையாகக் கொடுக்க வேண்டும். முடிச்சுப் போட்ட பைகளை முன்னாலேயே கிழிக்க வேண்டும், உள்ளே குழம்பு இருந்தால் அது கல்லுக்குச் சமம். முடிச்சுக்குள் காற்று இருந்தால் பலூன்போலப் பறந்து போய்விடும், உள்ளே ஊசியே இருந்தாலும். கிழிக்கும் வேலைக்குக் கவ்வாத்துக் கத்தியின் முனையை வளைத்துக் கொக்கி செய்தோம், கையைப் பைக்குள் விட வேண்டிய தேவை குறைந்தது. தடித்த கையுறை, பூட்ஸ், ஏற்பு (டெட்டனஸ்) ஊசி மூன்றும் இல்லாமல் யாரையும் அந்த இடத்தில் நிறுத்தக் கூடாது. எலி மூத்திரம் கலந்த ஈரக் குப்பையில் எலிக்காய்ச்சல் பயமும் உண்டு.

மலை உயரம் பற்றி ஒரு வார்த்தை. பட்டறைக்காரர் கடலோரத்தில் ஓட்டிப் பார்த்து, காற்றுக் கதவில் கோடு போட்டு அனுப்பியிருந்தார். எங்கள் முற்றம் கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றின் கனம் கடலோரத்தைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு. அதே பொருளைத் தூக்க வேகம் 7 சதவீதம் அளவில் கூட வேண்டும். அவர் போட்ட கோடு எங்களுக்குப் பொருந்தாமல் போனதில் வியப்பில்லை. ஆனால் ஈரம் செய்த கெடுதிக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை. ஆரம்பத்தில் இதைப் பெரிதாக நினைத்து இரண்டு கிழமை வீணடித்தேன்.

ஃபேன் எங்கே இருக்கிறது என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். எங்களுக்கு வந்தபடி ஃபேன் காற்றை உள்ளே தள்ளியது. குழலின் ஒவ்வொரு இடுக்கிலிருந்தும் தூசு வெளியே பீச்சியது. காய்ந்த கொம்போஸ்ட் தூசில் பூஞ்சணம் இருக்கும், ஒரு கிழமையில் எல்லோருக்கும் இருமல். நான் ஃபேனைச் சைக்ளோனுக்குப் பின்னால் மாற்றி, காற்றை இழுக்கும்படி செய்தேன். இப்போது இடுக்கு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளேதான் போகும். பொலித்தீனும் சைக்ளோனில் விழுந்துவிடுவதால் ஃபேன் இதழில் சுற்றுவது குறைந்தது. வெளியேறும் காற்றில் பெரும்பகுதியை மறுபடி குழலின் அடிக்கே திருப்பி, மிச்சத்தைத் துணிப்பை வழியாக விட்டோம். பை அடைத்திருக்கிறதா என்று பார்க்க, தெளிவான டியூபை ப எழுத்தைப்போல வளைத்து, சாயம் கலந்த தண்ணீர் ஊற்றி, சுவரில் அடித்தேன். இரண்டு பக்கத் தண்ணீரும் விலகிக்கொண்டே போனால் பையைத் தட்ட வேண்டும். வெறும் டியூப்தான், மீட்டர் செய்யும் வேலையைச் செய்கிறது.

ஃபேனை இடம் மாற்றுவதற்கு முன் ஒரு விபத்து நடந்துவிட்டது. ஃபேனில் சுற்றிய பொலித்தீனை எடுக்க ஒரு தம்பி கையை விட்டான். சுவிட்சை நான்தான் நிறுத்தினேன், ஆனால் இதழ் முழுவதும் நிற்கும்வரை காத்திருக்கச் சொல்லவில்லை. இரண்டு விரல் நுனி நசுங்கியது. அது என் தவறு, இன்றுவரை அவன் கையைப் பார்க்கும்போது நெஞ்சு கனக்கிறது. இப்போது எங்கள் முறை இது: மூடியைக் கழற்றுகிறவர் மெயின் கட்அவுட்டை (ஃபியூஸ் கட்டையை) கழற்றித் தன் பொக்கெட்டில் போட்டுக்கொள்ள வேண்டும். தண்டில் சிவப்புக் கோடு வரைந்திருக்கிறோம், கோடு அசையாமல் நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கை உள்ளே போகலாம். போன் பற்றரியை முன்னாலேயே பொறுக்கி எடுப்பதும் அப்படித்தான் கட்டாயமானது. காய்ந்த பொலித்தீன் கட்டுக்குள் நசுங்கிய ஒரு பற்றரி புகைந்ததை ஒருநாள் பார்த்தோம், நல்லவேளையாகப் பகலில்.

காற்றால் செய்யவே முடியாத ஒரு பிரிப்பு உண்டு. பீ.வீ.சி. படலமும் சாதாரணப் பொலித்தீனும் காற்றில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் பறக்கும். ஆனால் பீ.வீ.சி.யில் குளோரின் இருக்கிறது. சூளைக்குள் அது உப்பாகப் படிந்து குழாய்களை அடைக்கும், அதனால்தான் வாங்குகிறவர்கள் குளோரினை அவ்வளவு கண்டிப்பாகப் பார்க்கிறார்கள். எங்கள் பக்கம் பீ.வீ.சி. எங்கிருந்து வருகிறது? கோயில் திருவிழா, தேர்தல், பிறந்தநாள், மரண அறிவித்தல் எல்லாவற்றுக்கும் கட்டும் ஃபிளெக்ஸ் பேனர்தான் பெரும்பகுதி. அதற்குப் பிறகு வயர் உறை, ரெக்சின், பைப் துண்டு, சில வகைப் படங்குகள் (தார்ப்பாய்கள்). சந்தேகம் வந்தால் செப்புக் கம்பிச் சோதனை செய்வோம். மரப்பிடி போட்ட செப்புக் கம்பியை காஸ் சுவாலையில் சிவக்கும்வரை காய்ச்சி, பொருளில் ஒரு பொட்டுத் தொட்டு, மறுபடி சுவாலையில் காட்டினால், குளோரின் இருந்தால் சுவாலை பச்சையாகும். வெளியில், காற்றுக்கு முதுகு காட்டி நின்று, நகக்கண் அளவுதான் எரிக்க வேண்டும். முதல் தடவை அந்தப் பச்சையைப் பார்த்தபோது பிரிக்கும் பெண்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர்களுக்குச் சோதனையே தேவைப்படவில்லை, தொட்டதும் சொல்லிவிடுகிறார்கள். சாப்பாட்டு உப்பிலிருந்தும் குளோரின் வரும். சோற்றுப் பையை உதறிவிட்டுப் போடச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த எரிபொருளை விறகுக்குப் பதிலாகத் தேயிலை அடுப்புக்குத் தர முடியுமா என்று ஒரு பெக்டரியிலிருந்து கேட்டார்கள். விறகு விலை ஏறிய நேரம், கேட்டதில் தப்பில்லை. நான் மறுத்துவிட்டேன். கழிவை எரிப்பதற்கு ஐரோப்பாவில் வைத்திருக்கும் விதி, புகை குறைந்தது 850 பாகை வெப்பத்தில் 2 விநாடியாவது இருக்க வேண்டும் என்பது. சீமெந்துச் சூளையில் கல்லே 1,450 பாகைக்குச் சூடாகிறது, சுவாலை அதற்கும் மேலே. சாம்பல்கூடச் சீமெந்தோடு சேர்ந்துவிடும். தேயிலை அடுப்பில் அந்த வெப்பமும் இல்லை, புகையைக் கழுவும் ஏற்பாடும் இல்லை. டயொக்சின் போன்ற நஞ்சுகள் லயத்தின் மேலேதான் இறங்கும். இன்னொன்று, டிரையர் குழாயில் ஒரு ஓட்டை விழுந்தாலே புகை மணம் தேயிலையில் ஏறிவிடும் என்பது பெக்டரியில் வேலை செய்த எல்லோருக்கும் தெரியும். விறகுப் புகைக்கே தேயிலையைத் திருப்பி அனுப்புகிறார்கள், பொலித்தீன் புகைக்கு?

சூளைக்கு அனுப்புவது என்று பெரிதாகச் சொல்லும் அளவுக்கு எங்களுடையது ஒன்றுமில்லை, மாதம் ஒரு லொறி போகும். சும்மா ஏற்றினால் லொறி நிறைந்திருக்கும், எடை ஒரு டன்னைத் தொடாது. டீசல் காசுக்கே கட்டாது. அதனால் பழைய ஹைட்ரோலிக் ஜாக்கி ஒன்றை வைத்து அமுக்கிக் கட்டுகிறோம். முதல் லொறியைத் தூறலில் படங்கு மூடாமல் ஏற்றினோம். பத்து நாள் காயவைத்தது பாதி வழியில் நனைந்தது, திருப்பி அனுப்பினார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒரு கிலோ எடுத்து, 105 பாகை அடுப்பில் எடை மேலும் குறையாமல் நிற்கும்வரை காயவைத்து, ஈரம் எவ்வளவு என்று எழுதிவைத்துத்தான் ஏற்றுகிறோம். கிடைக்கும் காசு லொறிக் கூலிக்கும் கரண்டுக்கும் சரியாகப் போகிறது. லாபம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சரிவில் குப்பை ஏறாமல் இருப்பதுதான் எங்களுக்குக் கிடைப்பது. கழுவி மறுபடி பிளாஸ்டிக்காக்கக்கூடிய போத்தலையும் தடித்த பிளாஸ்டிக்கையும் எரிபொருளில் சேர்க்கவே கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

எல்லாவற்றையும்விட அதிகம் பலன் தந்தது மெஷினே இல்லை. அக்கா இருக்கும் லயத்தில், காம்பராவுக்கு (ஒரு குடும்பம் இருக்கும் அறைக்கு) ஒரு உரப்பை கொடுத்தோம். இஸ்தோப்பு (முன் திண்ணை) ஆணியில் தொங்கவிட்டு, காய்ந்த கவர், பை, பிஸ்கட் தாள் மட்டும் அதில் போட வேண்டும், சோறு மரக்கறி வேறு வாளியில். பிள்ளைக் காம்பராவில், அதாவது தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில், ஆயம்மா பிள்ளைகளுக்கே பழக்கிவிட்டார், நூடில்ஸ் கவரை உதறிப் போடுவது அவர்களுக்கு விளையாட்டாகிவிட்டது. அந்த லயத்திலிருந்து வரும் மூட்டைகள் வாட்டும் தொட்டிக்கே போவதில்லை. நேராகச் சல்லடை, நேராகக் காற்று. ஆடி மழையிலும் சலசலக்கிறது. இப்போது ஏழு லயத்தில் உரப்பை தொங்குகிறது. டவுன் கடைகளில் இன்னும் நடக்கவில்லை. கடைக்காரர்களிடம் திரும்பத் திரும்பப் போய்க்கொண்டிருக்கிறோம்.

ஓடைக்கரைக் கொய்யா மரத்தில் புதுப் பைகள் குறைந்துவிட்டன. பழையவை குறையவில்லை. ஒவ்வொரு பெருமழைக்கும் கரை அரித்து, பத்துப் பதினைந்து வருடத்துக்கு முந்திய பொலித்தீன் அடுக்கடுக்காக வெளியே வருகிறது. சனிக்கிழமைகளில் நானும் விரல் நசுங்கிய அந்தத் தம்பியும் இறங்கிப் பொறுக்குகிறோம். அதில் இருக்கும் சேற்றைச் சலித்தாலும் போகாது, கழுவினால் கழுவின தண்ணீர் மறுபடி ஓடைக்குத்தான் போகும். இப்போதைக்கு அவற்றை முற்றத்தின் பின்பக்கம் தகரக் கூரைக்குக் கீழே குவித்து வைத்திருக்கிறோம். மாசி வெயிலில் சேறு பொடியாக உதிருமா என்று இந்த வருடம் ஒரு மூட்டையைப் பரப்பிப் பார்க்கப் போகிறோம்.